பொன்னுத்தாயி இல்லாத முடிவு

முருகன் துணை

பிரிக்பீல்ட்ஸ்,
4 மார்ச் 2024

அன்புள்ள மருமகள் மதுமிதாவுக்கு அத்தை சீதாலெட்சுமி எழுதுவது. பத்துமலையான் அருளால் இங்கே சுகம். நீயும் உன் அம்மா அமுதவள்ளியும் சுகமாக இருக்க வேண்டும். கிள்ளானில் தண்ணீர் வருகிறதா? இங்கே முந்தாநாள் நின்றது, இன்னும் வரவில்லை.

நீ கேட்டனுப்பிய சாமான்களைப் பெட்டி கட்டி லோரியில் ஏற்றிவிட்டேன். எந்தப் பெட்டியில் என்ன என்று எழுதி மேலேயே ஒட்டியிருக்கிறேன். போனில் சொல்லியிருப்பேன், நீ இந்த வீட்டு நம்பர்களையெல்லாம் பிளாக் செய்துவிட்டாய். அதனால் தபால்.

ஒரு புத்தகத்தை மட்டும் அனுப்பவில்லை. ‘பூட்டிய வீட்டின் தாகம்’ என்ற நாவல். உன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தது. பாதியில் ஏதோ ரசீதைச் செருகி வைத்திருந்தாய். தூசி தட்டும்போது முதல் வரி கண்ணில் பட்டுவிட்டது. “அந்த வீட்டில் வருடக்கணக்காக ஆளில்லை, ஆனாலும் அது தண்ணீர் குடித்தது.” இப்படி ஆரம்பித்தால் ஒருத்தி எப்படியம்மா மூடி வைப்பாள்?

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். கோயிலில் புராணம் படிப்பதைக் கேட்டுக் கேட்டு, எழுத்துக் கூட்டி, நானாகப் படிக்கக் கற்றேன். எனக்குத் தெரிந்த வாசிப்பு அது ஒன்றுதான். விளக்கேற்ற வேண்டும், சத்தமாகப் படிக்க வேண்டும், ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம். முன்னால் எட்டிப் பார்க்கக் கூடாது. யாராவது துன்பத்தில் இருக்கும் இடத்தில் நிறுத்தவும் கூடாது. நல்லது நடக்கிற வரைக்கும் படித்துவிட்டுத்தான் மூட வேண்டும். உன் புத்தகத்தையும் அப்படியே படித்துவிட்டுத் தரட்டுமா?

என் பிள்ளை ஜீவன் இளைத்துப் போய்விட்டான். வேலை விட்டு வந்தால் பேசுவதே இல்லை. கோபம் தணிந்து நீ திரும்பி வந்துவிட்டால் இந்த வீடு வீடாக இருக்கும். இதற்கு மேல் நான் என்ன எழுத?

அன்புடன்,
அத்தை

*

கிள்ளான்,
18 மார்ச் 2024

அத்தைக்கு மதுமிதா எழுதுவது. நாங்கள் நலம். பெட்டிகள் வந்து சேர்ந்தன. நன்றி.

புத்தகத்தை நிதானமாகப் படியுங்கள். ஒரு நிபந்தனை. புத்தகத்தைப் பற்றி எழுதினால் பதில் எழுதுவேன். உங்கள் மகனைப் பற்றியோ, நான் திரும்பி வருவதைப் பற்றியோ ஒரு வரி இருந்தாலும் அடுத்த கடிதத்தை உறை பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

நான் பதினான்காம் அத்தியாயத்தில் நிறுத்திவிட்டேன். மீதியைப் படிக்கும் எண்ணம் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுமிதா

*

முருகன் துணை

பிரிக்பீல்ட்ஸ்,
27 மார்ச் 2024

அன்புள்ள மதுமிதாவுக்கு அத்தையின் ஆசிகள். நான் சுகம், முட்டிவலி தவிர. உன் அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா?

நீ சொன்னபடியே புத்தகம் மட்டும்.

அம்மாடி, இது என்ன எழுத்து! தாமரை வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவள். நிர்வாகத்துக்கு அடங்கி நடக்கிற வீட்டுக்குத்தான் அந்த நகரத்தில் தண்ணீர். முறையிட்டால் குழாய் நின்றுவிடும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பூட்டிய வீட்டு மீட்டர் மட்டும் மாதா மாதம் நகர்கிறது. அவ்வளவுதான் கதை. அதற்கே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பேய் இல்லை, கொலை இல்லை, மீட்டரில் ஒரு முள் நகர்கிறது! முதலில் கசிவு என்று நினைத்தேன். வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் புத்தி அப்படித்தான் போகும். ஆனால் அவள் ஒரு நாள் காலையும் மாலையும் பார்க்கிறாள். சமைக்கிற நேரத்தில்தான் முள் ஓடுகிறது. கசிவுக்குப் பசி நேரம் தெரியுமா? எழுதியவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். வாளியில் தண்ணீர் பிடித்து வைத்த கை அது.

ஆனால் எனக்கு ஒரு கஷ்டம். நல்ல இடம் வந்தால்தானே மூட முடியும்? இவர் ஒவ்வொரு அத்தியாயத்தையும் கெட்ட இடத்தில் முடிக்கிறார். கதவு தட்டப்படுகிறது, முடிந்தது. விளக்கு அணைகிறது, முடிந்தது. சரி, அடுத்ததில் நல்லது வரும் என்று ஓட ஓட, செவ்வாய்க்கிழமை நான்கு அத்தியாயம் படித்துவிட்டேன். சோறு அடிப்பிடித்துவிட்டது. கீழ்வீட்டு ரமணி பூ வாங்க வந்தவள் வாசலிலேயே நின்று கேட்டாள்.

“என்னக்கா, புது புராணமா? யாரு இந்தத் தாமரை?”

“மீட்டர் பாக்கிற பொண்ணு லா.”

“மீட்டர் பாக்கிறவளுக்கு எதுக்கு விளக்கு ஏத்திப் படிக்கிறீங்க?”

“நீ உக்காந்து கேளு, தெரியும்.”

உட்கார்ந்தாள். பூ வாடிவிட்டது. இப்போது தினமும் வருகிறாள். “அந்த வீட்ல யாருக்கா இருக்கா, கடைசிப் பக்கத்தைக் கொஞ்சம் பாருங்களேன்” என்று நச்சரிக்கிறாள். பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அத்தை

*

கிள்ளான்,
9 ஏப்ரல் 2024

அன்புள்ள அத்தைக்கு, நலம். அம்மாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. ரமணி அக்காவை நினைத்து நெடுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். போர்ட் கிள்ளானில் பழைய வேலைக்கே திரும்பிவிட்டேன். கொள்கலன் கணக்குப் பார்க்கும் அலுவலகம்தான். சாப்பாட்டு நேரத்தில் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

கசிவுக்குப் பசி நேரம் தெரியுமா என்று கேட்டீர்களே, அதை எழுதியவர் பார்த்தால் மகிழ்ந்து போவார். எனக்கும் அந்த இடம் பிடிக்கும். ஆனால் என்னை அதிகம் பிடித்துக்கொண்டவள் தாமரை இல்லை, பொன்னுத்தாயி. பூட்டிய வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அம்மா. நல்லவர், பக்தி உள்ளவர், தாமரைக்கு மோர் கொடுக்கிறவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். “உங்களுக்கு ஏதாவது சத்தம் கேக்குதாம்மா?” என்று தாமரை கேட்கும்போதெல்லாம் அவர் மோரில் உப்பு போதுமா என்று கேட்கிறார். அந்த இடத்தில் எழுதியவர் ஒன்றுமே சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் அத்தை? அவருக்குக் கேட்கிறதா, இல்லையா?

அன்புடன்,
மதுமிதா

*

முருகன் துணை

பிரிக்பீல்ட்ஸ்,
20 மே 2024

அன்புள்ள மதுமிதாவுக்கு, ஆசிகள். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோயிலில் திருவிழா வேலை, புத்தகமும் பல நாள் மூடியே கிடந்தது. நீ வேலைக்குப் போவது சந்தோஷம். வெயிலில் குடை எடுத்துப் போ.

தாமரையின் புருஷன் வருகிற இடங்களை எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறார்! நிர்வாகத்தில் வேலை செய்கிறவன். அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை. சாயங்காலம் மேசையில் உட்கார்ந்து, பெண்டாட்டி அன்றைக்கு எங்கே போனாள், யாரிடம் பேசினாள் என்று அழகான கையெழுத்தில் அறிக்கை எழுதுகிறான். எழுதிவிட்டு, “சாப்பிட்டியாம்மா?” என்று அன்பாகக் கேட்கிறான். ரமணி, “பாவி, இவனைத் திட்டவும் முடியலியே!” என்றாள். வில்லனுக்கு மீசை வைக்காமலே பயம் காட்டுகிறார் பார்.

பொன்னுத்தாயியைப் பற்றிக் கேட்டிருந்தாய். வயதானவள்தானே. காது மந்தமாக இருக்கலாம்.

நேற்றுப் பதினான்காம் அத்தியாயம் முடித்தேன். தாமரை பூட்டிய வீட்டுக்குள் நுழைகிறாள். யாரோ வெளியே தாழ் போடுகிறார்கள். நீ செருகிய ரசீது அங்கேதான் இருந்தது. இவ்வளவு கெட்ட இடத்தில் யாராவது நிறுத்துவார்களா? அவள் உள்ளேயே இருக்கிறாளே மதுமிதா. அவளை வெளியே கொண்டுவருகிற வரைக்குமாவது நீ படித்திருக்கலாம்.

அன்புடன்,
அத்தை

*

கிள்ளான்,
3 ஜூன் 2024

அன்புள்ள அத்தைக்கு, நலம். இன்று என் நிபந்தனையை நானே மீறுகிறேன்.

ஏன் அங்கே நிறுத்தினேன் என்று சொல்கிறேன். தாமரை உள்ளே நுழைந்ததும் வாசல் நிலைக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடிக் கண் அவளையே பார்த்துக்கொண்டிருக்கும் அல்லவா, அதைப் படித்தபோது நான் உங்கள் வீட்டுக் குளியலறையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே கேமரா இல்லை. ஹாலில், சாமி மேடைக்கு மேலே, உங்கள் மகன் மாட்டிய கேமரா. சோபாவில் உட்கார்ந்தால் அலுவலகத்திலிருந்து போன் வரும்: “என்ன புக்கு அது? இப்பத்தானே உக்காந்தே, வேற வேலை இல்லியா?” கடைக்குப் போனால், “ஏன் அஞ்சு நிமிஷம் லேட்டு?” வேலையை விடச் சொன்னார், விட்டேன். தோழிகளின் நம்பரை அழிக்கச் சொன்னார், அழித்தேன். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

அடித்ததே இல்லை. அதனால் யாரிடமும் சொல்லத் தெரியவில்லை. இந்தப் புத்தகம்தான் எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது. மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு கொமுட்டர் ரயில் ஏறினேன்.

முடிவு தெரியாமல் இருப்பதும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நீங்கள் படித்து முடித்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் தாங்கிக்கொள்வேன் என்று தோன்றுகிறது.

மதுமிதா

*

முருகன் துணை

பிரிக்பீல்ட்ஸ்,
22 ஜூலை 2024

அன்புள்ள மதுமிதாவுக்கு, அத்தையின் ஆசிகள். சுகம். ஆடி பிறந்துவிட்டது, கூழ் ஊற்றினோம்.

புத்தகத்தை முடித்துவிட்டேன். அருமை, அருமை. அந்தப் பூட்டிய வீட்டில் இருந்தவர்கள் யார் தெரியுமா? முறையிட்டதற்காகப் பதிவேட்டிலிருந்து பெயர் எடுக்கப்பட்ட ஜனங்கள். செத்துவிட்டதாக ஊருக்குச் சொல்லி, உள்ளே அடைத்து வைத்திருக்கிறார்கள். தாமரை அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் பெயராகக் கேட்கிற இடத்தில் ரமணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கடைசியில் பெரிய அதிகாரி வருகிறார். மனம் மாறிக் கதவைத் திறந்துவிடுகிறார். தாமரை வீட்டுக்குத் திரும்புகிறாள். புருஷன் அறிக்கைகளையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, வாசலில் நின்று கண்ணீர் விடுகிறான். இனி அப்படிச் செய்ய மாட்டேன் என்கிறான். ஊர் முழுக்கத் தண்ணீர் வருகிறது. சுபமாக முடிகிறது.

ஆகவே நீ கவலைப்பட வேண்டாம். நல்ல முடிவுதான்.

அன்புடன்,
அத்தை

*

கிள்ளான்,
12 ஆகஸ்ட் 2024

அத்தைக்கு, நலம்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் எழுந்ததும் ஏதோ இடித்தது. அத்தனை பேரையும் பயத்தில் நடுங்க வைத்தவர் இப்படியா முடிப்பார்? சனிக்கிழமை கடைக்குப் போய் இன்னொரு பிரதி வாங்கினேன். பதினைந்தாம் அத்தியாயத்திலிருந்து ஒரே மூச்சில் படித்தேன்.

அத்தை, பொன்னுத்தாயியை எங்கே விட்டீர்கள்?

மனம் மாறுகிற அதிகாரி யாரும் அதில் இல்லை. புருஷன் எதையும் கிழிக்கவில்லை. வீட்டை இடிக்க ஆட்கள் வருகிறார்கள். “உள்ளே யாராவது இருக்காங்களா?” என்று தெருவையே நிற்க வைத்துக் கேட்கிறார்கள். இல்லை, இல்லை என்று வரிசையாகத் தலையாட்டுகிறார்கள். பொன்னுத்தாயிதான் உண்மையைச் சொல்கிறார். முழுக் கதையும் அந்த ஒரு வாயில்தான் தொங்குகிறது. நீங்கள் சொன்ன முடிவில் அந்த அம்மாவையே காணோம்.

விவாகரத்துக்கு மனு போட்டிருக்கிறேன். அது நீதிமன்றத்துக்குப் போகும் முன் சமரசக் குழுவில் உட்கார வேண்டும். அக்டோபர் கடைசியில் வரச் சொல்லியிருக்கிறார்கள். கேமரா என்று ஒன்று இருந்ததே இல்லை என்று உங்கள் மகன் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் போன மறுநாளே கழற்றியிருப்பார். எனக்குச் சாட்சி இல்லை.

நீங்கள் வர வேண்டும் என்று கேட்கவில்லை. பெற்றவர் நீங்கள். புத்தகத்தைப் பற்றி மட்டும்தான் கேட்கிறேன்.

மதுமிதா

*

முருகன் துணை

பிரிக்பீல்ட்ஸ்,
14 அக்டோபர் 2024

அன்புள்ள மதுமிதாவுக்கு,

சுகம் என்று எழுத வரவில்லை. உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. பல முறை எழுத உட்கார்ந்தேன்.

புராணம் படிப்பவர்கள் எந்த இடத்தில் நிறுத்தினாலும் மங்களம் பாடித்தான் மூடுவார்கள். அந்தப் பழக்கத்தில்தான் நல்லபடியாக முடித்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. நீ திரும்பி வர வேண்டும் என்ற ஆசை மீதி. ஆனால் அதிகாரியை மாற்றினேன், புருஷனை மாற்றினேன், பொன்னுத்தாயியை ஏன் எடுத்தேன்? அவள் வருகிற பக்கங்களை மட்டும் என்னால் சத்தமாகப் படிக்க முடியவில்லை. “என்னக்கா, வாய்க்குள்ளயே படிக்கிறீங்க, எங்களுக்குக் கேக்க வேணாமா?” என்று ரமணி கோபித்துக்கொண்டாள். தொண்டை கட்டிவிட்டது என்றேன்.

தண்ணீர் ஓடுகிற சத்தத்துக்கு மேலேயும் நீ அழுதது எனக்குக் கேட்டது மதுமிதா. நான் பூஜைமணியை இன்னும் பலமாக ஆட்டுவேன்.

போன வாரம் கடைசி அத்தியாயத்தை ரமணியை உட்கார வைத்து, ஒரு வரி விடாமல், சத்தமாகப் படித்தேன். என்ன எழுத்து அது! “இருக்காங்க. நான் தினம் கேக்கிறேன்.” பொன்னுத்தாயி சொல்வது அவ்வளவுதான். எழுதியவர் அவளை ஒரு வார்த்தை மெச்சவில்லை, கண்ணீர் விட வைக்கவில்லை. கதவு திறக்கிறது. அந்த நிமிஷமே அவள் வீட்டுக் குழாய் நின்றுபோகிறது. அவள் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்கு நடக்கிறாள். தாமரை வீட்டுக்குப் போகாமல் ஊர் எல்லைப் பக்கம் போகிறாள். இருவரும் திரும்பிப் பார்த்துக்கொள்வது கூட இல்லை. நான் கட்டிய முடிவு இதன் முன்னால் பொம்மைக் கல்யாணம். ரமணி விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். பிறகு, “குடத்தை யாராச்சும் கூடத் தூக்குவாங்களாக்கா?” என்றாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் ஜீவனிடம் சொன்னேன்.

“குழு விசாரிக்கிற அன்னிக்கு நானும் வரேன்.”

“வாங்கம்மா. நீங்க சொன்னா கேப்பா. நல்லா புத்தி சொல்லுங்க.”

“அவளுக்காக வரேன்டா. கேமரா இருந்துச்சுன்னு சொல்லப் போறேன்.”

சிரித்தான். “அது திருடனுக்கு வெச்சதும்மா.”

“திருடன் வாசல் வழியா வருவானா, சோபாவுல உக்காந்து புக்கு படிப்பானா? எதுக்குடா அது சோபாவையே பாத்துச்சு?”

“பெத்த பிள்ளைய மாட்டிவிடுவீங்களா?”

“நான் பாத்ததைச் சொல்லுவேன். நீயும் உண்மையைச் சொல்லு. சாப்பிடு, ஆறுது.”

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். என் பிள்ளைதான். அவனைச் சின்ன வயதில் தோளில் தூக்கிக் காவடிக் கூட்டத்தில் நின்றவள் நான். அந்தத் தட்டை மூடி வைத்தேன், அவன் திரும்பி வரவில்லை. ஆனாலும் வருகிறேன்.

இன்னொன்று. என் போனில் வருவதெல்லாம் அவன் போனிலும் வரும். அவன்தான் அப்படி அமைத்துக் கொடுத்தான். ஆகவே எனக்குப் போன் செய்யாதே. எந்த மாடி, எந்த அறை என்று தபாலிலேயே எழுது. நான் தனியாக வந்துவிடுவேன்.

அத்தை

*

கிள்ளான்,
4 நவம்பர் 2024

அன்புள்ள அத்தைக்கு,

அன்று கூட்டம் முடிந்ததும் நீங்கள் விறுவிறுவென்று போய்விட்டீர்கள். ரயில் நிலையம் வரைக்கும் ஓடி வந்தேன். வண்டி கிளம்பிவிட்டது.

இனிச் சேர்த்து வைக்க வழியில்லை என்று குழு எழுதிவிட்டது. மனு நீதிமன்றத்துக்குப் போகிறது. உங்கள் மருமகளாக நான் திரும்பி வரப் போவதில்லை. அது உங்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். தெரிந்தும்தான் வந்தீர்கள்.

குழுவில் விசாரித்த அம்மையார், “நீங்க பையனோட அம்மாதானே? எந்தப் பக்கம் உக்காரணும்?” என்று கேட்டதும் நீங்கள் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தீர்கள். பிறகு என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். உங்கள் மகன் தலையைக் குனிந்துகொண்டார். கேமரா, போன், நான் வேலையை விட்டது, எல்லாம் சொன்னீர்கள். “அழுத சத்தம் எனக்குக் கேட்டுச்சு” என்று என்னைப் பார்த்தே சொன்னீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். உங்கள் பெயரைச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர், அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். “அவங்க இப்ப அந்த வீட்டுக்குத்தானே திரும்பிப் போகணும்? பாவம்டி. ராத்திரி எப்படி இருக்காங்களோ” என்றார். அன்றிலிருந்து தினமும் கேட்கிறார். எங்கள் வீட்டில் பின்னறை காலியாகத்தான் இருக்கிறது. அதைக் கூட்டித் துடைத்து வைத்திருக்கிறார். நான் சொல்லவில்லை, அவராகவே செய்தார்.

அதனால் இந்த முறை சுகம் என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடாதீர்கள். உங்கள் மகன் உங்களோடு பேசுகிறாரா, சத்தம் போடுகிறாரா, நீங்கள் சாப்பிடுகிறீர்களா, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு படுக்கிறீர்களா, அதையெல்லாம் எழுதுங்கள். புத்தகத்தைப் பற்றி இப்போது வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் வராவிட்டால் சனிக்கிழமை காலை முதல் கொமுட்டரில் அம்மாவும் நானும் பிரிக்பீல்ட்ஸ் வந்துவிடுவோம்.

மதுமிதா